‘வாலண்டரிலி’க்குக் கைநாட்டு கிடையாது

“அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சுடு நைனா. இந்தா கட்ட வெரலு, இப்பவே வச்சுத் தர்றேன்.”

மறுபடியும் அதையேதான் சொன்னாள் பூங்காவனம். வெள்ளானூர் ஏரிக்கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா அருள்தாஸுக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் உலக யுத்தத்துக்காக ஆவடியைச் சுற்றி நிலமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. பூங்காவனத்துக்கு அவள் அப்பன் எழுதிவைத்த கழனியும் போகிறது. கைநாட்டு வைத்தால் அறுவடை முடியும்வரை லாரிகள் காத்திருக்கும். வைக்காவிட்டால் நாளைக் காலையே வயலில் மண் கொட்டுவார்கள். அவள் நெல்லோ இன்னும் பாதிதான் பழுத்திருந்தது.

வம்பு சற்று முன்புதான் ஆரம்பித்தது. அவளுக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் நிலத்தை ஒப்படைக்கும் அந்த இங்கிலீஷ் தாளை அருள்தாஸ் தமிழில் சொல்லிவிட்டுத்தான் விரலில் மை தடவினான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருமிவிட்டுத் தாண்டிப் போனான்.

“அங்க மட்டும் ஏன் இருமுறே?” என்று பிடித்துக்கொண்டாள் அவள். “அது இன்னா வார்த்த?”

“வாலண்டரிலி. அப்டின்னா மனசார. யாரும் கட்டாயப்படுத்தாம நாமளா குடுக்கிறது.”

“ஆடிக்கு அம்மனுக்குக் கூழ் ஊத்துறேனே, அது?”

“அது வாலண்டரிலி.”

“எம் புருசனுக்குச் சோறு போடறது?”

“அத நீதாம்மா சொல்லணும்.”

வரிசையே சிரித்தது. “கொழம்பு வைக்கிற லட்சணத்தப் பாத்தா கட்டாயத்துலதான் போடறா,” என்றான் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பரந்தாமன்.

அவள் சிரிக்கவில்லை. “வரப்பு மேல லாரிய ஏத்தி நிறுத்திட்டு நெலத்தக் குடுன்றீங்களே, அது?”

அப்போதிருந்துதான் அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லி நின்றாள். கடைசியில் அருள்தாஸ் பேனாவை எடுத்து அந்த வார்த்தையின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தான்.

மேற்பார்வைக்கு வந்திருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீரராகவன் பாய்ந்து வந்தார். “என்னய்யா பண்றே? எல்லாத் தாள்லயும் வழக்கமா போடற வார்த்தை அது. அடிச்சா தாள் செல்லாது!” அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நிலம் எப்படியும் போகத்தான் போகுது. ஒரு வார்த்தையால உனக்கு என்ன நஷ்டம்?”

“எப்டியும் எடுத்துக்கப் போறீங்க இல்ல? எடுத்துக்கங்க சாமி. நான் ஆசப்பட்டுக் குடுத்தேன்னு எதுக்கு எழுதிக்கிறீங்க?”

வீரராகவன் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். வார்த்தை அதன் இடத்திலேயே இருந்தது. “இதுல வச்சா பயிர் உனக்கு. இல்லேன்னா கெளம்பு.”

“வச்சுத் தொலை புள்ள!” பரந்தாமன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “பயிரும் போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது?”

“பேசிகினு நிக்காத மாமா. பொழுது இன்னும் கீது. அருவாள எடுத்துகினு வா.”

மையில்லாத விரலோடு வரிசையை விட்டு வெளியே நடந்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

இருட்டுவதற்குள் இருவரும் பாதிக் கழனிதான் அறுத்தார்கள். குத்திப் பார்த்தால் நொய்யும் பதரும்தான் அதிகம். மிச்சப் பயிர்மேல் மறுநாள் மண் விழுந்தது. அந்த வருஷம் முழுக்க அவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பிடிவாதக்காரி என்று ஊரே ஏசியது. ஆனால் பூங்காவனம் தன் நிலத்தை மனசார விட்டுக்கொடுத்தாள் என்று சொல்ல ஒரு தாள்கூட எங்கேயும் கிடையாது!

அவள் செய்தது சரி என்று நான் அடித்துச் சொல்வேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பழுக்காத நெல்லைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மேசைமுன் நீங்கள் நின்றிருந்தால், விரலை நீட்டியிருப்பீர்களா?