நிறம் கேட்காத கம்பிகள்

உள்ளங்கையில் எட்டுக் கம்பிகள், நான்கில் வெள்ளைக் கோடு, நான்கில் இல்லை, நீலம் மட்டும் நீலம், மற்றவை ஒரே சேற்றில் முக்கியெடுத்தவை, ஆரஞ்சு எது பச்சை எது பழுப்பு எது, எனக்குத் தெரியவில்லை, முதல் செமஸ்டரின் முதல் லேப், நெட்வொர்க் கேபிளின் இரு முனையிலும் பிளக் மாட்ட வேண்டும், எல்லோரையும் போல நானும் கம்பிகளின் திருகலைப் பிரித்து நீவிவிட்டேன், அங்கேதான் தொலைந்தேன், டெஸ்டரில் விளக்குகள் ஒன்று, ஆறு, எட்டு என்று கண்டபடி எரிய, ஞானசிகாமணி சார் சிரித்தார், ஏல, செவுத்துல கலர் சார்ட்டு தொங்குது, அதப் பாத்துச் சொருகக்கூட வராதா, எனக்குக் கலர் தெரியாது சார் என்றேன், சிரிப்பு நின்றது, சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

மறுநாள் சாரின் மேசைமேல் துறை மாற்ற விண்ணப்பம், என் கையெழுத்து மட்டும் பாக்கி, நெட்வொர்க்குல ஏழு அடுக்கு, மொத அடுக்கே வயருதாம்ல, அதுலயே நிக்க முடியல, மேல எப்படி ஏறுவ, காமர்ஸுக்குப் போயிரு, நல்லதுக்குத்தான் சொல்லுதேன் என்றார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், கையெழுத்துப் போடவில்லை, டிஜிட்டல் வகுப்பில் பூஜ்யமும் ஒன்றும் வருகின்றன, அவற்றுக்கு நிறமில்லை, கணித வகுப்பில் கண் செருகுகிறது, பலகையின் அணிகள் நிரை நிரையாகக் கம்பிகளாகி என் விரலுக்கு இறங்குகின்றன, ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு, விழித்ததும் வெட்டியெறிந்த கேபிள் துண்டு தேடி லேப் குப்பைக்கூடைக்கு ஓடினேன், கனவு பொய்யில்லை, உறையை உரித்தால் கம்பிகள் இரண்டிரண்டாகத் திருகிக் கிடந்தன, நான்கு ஜோடி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இறுக்கம், ஒரு விரல் நீளத்தில் எத்தனை திருகு என்று எண்ணி, எது எந்த நிறமென்று லேப் தோழி அலி பாத்திமாவிடம் ஒரே ஒருமுறை கேட்டு, மனப்பாடம் செய்தேன்.

செய்முறைத் தேர்வன்று சார் புதுக் கேபிள் பெட்டியைப் பிரிக்கிறார், வேறு கம்பெனி, வேறு திருகு, என் மனப்பாடம் செத்தது, பக்கத்து மேசையிலிருந்து பாத்திமா கிசுகிசுக்கிறாள், நான் கலர் சொல்லட்டா, வேண்டாம் என்றேன், ரோஷத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, ஃபெயிலாப் போ, சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தேன், சாரின் முகம் மலர்ந்தது, கேபிளை அதன்மேல் வைத்து உறையை உரித்தேன், மலர்ந்தது கூம்பியது, திருகலைப் பிரிக்காமல் தடவுகிறேன், எண்ணுகிறேன், யோசிக்கிறேன், கம்பிக்குள் ஓடுவது நிறமா, இல்லை, எது எதோடு ஜோடி என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும், இரு முனையிலும் அது ஒன்றாக இருந்தால் போதும், இறுகிய ஜோடிக்கு முதல் இடம், தளர்ந்ததற்குக் கடைசி, மற்ற இரண்டும் நடுவில், ஜோடிக்குள் வெள்ளைக் கோடு முன்னால், என் வரிசை, அந்த முனையிலும் என் வரிசை, அழுத்தினேன்.

டெஸ்டர் விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று, எட்டுவரை வரிசையாக எரிந்தன, சார் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சார்ட்டு மாதிரி இல்லயேல, சார்ட்டு மாதிரி இல்லதான் சார், ஓடுதான்னு பாருங்க, கம்ப்யூட்டரில் அவரே சொருகினார், இணைப்பு வந்தது, மார்க் தாளை இழுத்தார், கலர் வரிசைக்கு அஞ்சு மார்க்கு போச்சு, போட்டும் சார், பாஸ்தானே, அவர் பேனா பாஸ் என்று எழுதியது, வெட்டிய துணுக்குகளை விண்ணப்பத்தில் பொட்டலமாகக் கட்டி அதே குப்பைக்கூடையில் போட்டேன், உள்ளங்கையில் எட்டுக் கம்பிகள், கண்ணாடி போன்ற பிளக்குக்குள், நான் நிறுத்திய இடத்தில் நிற்கின்றன, இந்தமுறை நானே சொருகினேன், ஓரத்தில் சின்ன விளக்கு துடிக்கிறது, பாத்திமா எட்டிப் பார்க்கிறாள், அது என்ன கலர்னு சொல்லட்டா, எரியுதுல்லா, போதும்.