பூட்டிய வீட்டில் நாற்பத்தைந்து யூனிட்

குளியலறையில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா அவற்றை எண்ணினார். ஒன்றின் நுனியைத் தொட்டு, ஈரம் இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு, தாளில் ஒரு கோடு போட்டார். பிறகு பீரோவைத் திறக்கச் சொன்னார். அவன் திறந்தான். மகளின் சீருடைகள், அவனுடைய நான்கு சட்டைகள், ஒரு போர்வை. மேல் தட்டில் மடிக்காத துணி ஒரு பந்தாகச் சுருண்டு கிடந்தது. அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அந்தப் பந்துதான் பிடித்திருந்தது போலும். இன்னொரு கோடு போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மாசம் நாப்பது வீடு பாக்குறேன். பாதி வீட்டுல கட்டில் இருக்கும், தலையணை இருக்காது. அடுப்பு இருக்கும், தீப்பெட்டி இருக்காது. போன வருஷம் ஒருத்தர், மனைவி இறந்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்திருந்தாரு. சந்தேகத்துல பழைய வீட்டுக்குப் போய் பெல் அடிச்சா, அந்தம்மாதான் வந்து கதவைத் திறக்குறாங்க. டீ சாப்பிடுறீங்களான்னு வேற கேக்குறாங்க."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த சத்தம் அவனுக்கே புதிதாகக் கேட்டது. அப்படி ஒரு கதவு திறந்தால் டீ வேண்டாமென்று சொல்லமாட்டான் என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் அதிகாரியம்மா அவனுடைய விண்ணப்பத்தைப் புரட்டி, மனைவி என்ற கட்டத்துக்கு வந்திருந்தார். ஒரு முறை இருமினார்.

"உங்களைச் சொல்லல சார்."

"பரவால்ல."

இந்த வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தது ஒரு பென்சில் வட்டம். மகள் சேர வேண்டிய பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறுபது இடம். தேர்வு எழுதுகிற பிள்ளைகள் மூவாயிரம் பேர். தேறினாலும் போதாது. பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் குடும்பம் முழுதும் குடியிருக்க வேண்டும், வேறு எங்கும் வீடு வைத்திருக்கக் கூடாது. மனைவி ஒரு வரைபடத்தை அச்செடுத்து, பள்ளியின் மேல் கவராயத்தைக் குத்தி, வட்டம் போட்டு, அதற்குள் மூன்று தெருக்களை டிக் செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்து அவன் அந்த மூன்று தெருக்களில் முதலாவதில் வீடு பார்த்து, மகளைக் கூட்டிக்கொண்டு குடிவந்தான். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆய்வகத்தில் ஒரு வேலைத்தாள் வந்தால் அதில் எழுதியிருக்கிறபடி செய்வான். இதையும் அப்படித்தான் செய்தான். மகள் தேர்வு எழுதினாள். பதினான்காவதாக வந்தாள். மிச்சமிருந்தது இந்த ஒரு விசாரணைதான்.

அதிகாரியம்மா உட்கார்ந்து பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். பழைய வீட்டு மின் இணைப்பு எண் எழுதியிருக்கீங்க. பொதுவா யாரும் அந்தக் கட்டத்தை நிரப்புறதில்ல. ஞாபகம் இல்லன்னு கோடு போட்டுடுவாங்க."

அவனுக்குக் காலிக் கட்டம் ஆகாது. குடிநீர் ஆய்வகத்தில் ஒன்பது வருடமாகப் பாட்டில்களில் லேபிள் எழுதுகிறவன். மாதிரி எண், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டான்.

"அந்த எண்ணைப் போட்டுப் பாத்தேன். போன மாசம் நாப்பத்தஞ்சு யூனிட். அதுக்கு முந்தின மாசம் நாப்பத்தாறு. எட்டு மாசமா இதே கணக்கு. காலி பண்ணின வீட்டுல யாரு சார் கரண்ட் எரிக்கிறாங்க?"

வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பெயர் வைத்தது அவள் அம்மா. யாரையாவது குற்றம் சொன்னால் கேட்காமலே ஆஜராகிவிடுவாள்.

"வேற யாராவது வந்திருப்பாங்க மேடம். நாங்க அந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம். அப்பா எல்லாச் சாமானையும் குடுத்துட்டாங்க. இல்லப்பா?"

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள்.

"ஃப்ரிட்ஜ் ஓடுது," என்றான்.

"எதுக்கு?"

அதற்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னது வேறு. "சாமான் இருக்கு. இன்னும் எடுக்கல."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். நியாயமாக அவர் இரண்டு வீடு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பீரோவின் மேல் தட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை நாலு மணி வரைக்கும் உங்க ஃபைலை எடுக்காம வைக்கிறேன். வீட்டுக்காரர்கிட்ட காலி பண்ணிட்டதா கடிதம், கடைசி மீட்டர் ரீடிங். ரெண்டும் வேணும். நாலு அஞ்சுக்கு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாப்பா இடத்துக்குப் பின்னாடி இருபத்திரண்டு பேர் காத்திருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் ஏறினார்கள். இரண்டு மணி நேரப் பயணம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே விசாரணையைத் தொடங்கினாள். சாதாரணமாக அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை லேப்ல வேலை இருக்குன்னு சொல்லிட்டுப் போவீங்களே. அது?"

"லேப் இல்ல."

"அங்கயா?"

"ம்."

"போய் என்ன பண்ணுவீங்க?"

"சமையக்கட்டுல உக்காந்திருப்பேன்."

"எத்தனை தடவை?"

"ஏழு."

"ஏழு தடவை." முன் இருக்கையின் முதுகில் நகத்தால் ஏழு கோடு கிழித்தாள். "என்னைப் பக்கத்து வீட்டுல உக்கார வெச்சுட்டு. அந்த ஆன்ட்டி ஏழு தடவையும் என்னைக் காய் நறுக்கவிட்டாங்க. என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"சாட்சி பதில் சொல்லணும்."

"உனக்கு வேண்டாம்னு நினைச்சேன்."

"நான் சொன்னேனா வேண்டாம்னு?"

சொல்லவில்லைதான். அவன் கேட்கவுமில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான். அன்றைக்கு அவள் அழாமல் தலையை ஆட்டியபோது, நல்லவேளை என்று நினைத்தான். இப்போது அந்தத் தலையாட்டல் வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

பழைய வீட்டுக்காரர் படிக்கட்டின் அடியில் காத்திருந்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் யாரைப் பார்த்தாலும் உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற தோரணைதான். "வாங்க தம்பி. வா கண்ணு, என்ன இப்படி வளந்துட்ட? அரை டிக்கெட் இனிமே செல்லாது." கடிதத்தை எழுதியே வைத்திருந்தார். மீட்டர் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "உங்களை ஒரு தடவை கேட்டிருக்கணும் தம்பி, மாசாமாசம் வாடகை குடுத்துட்டு வீட்டை ஏன் பூட்டி வெச்சிருக்கீங்கன்னு. வாய் வரைக்கும் வரும், கேக்க மனசு வராது. பழைய சாமான் வாங்குற ஆளு மூணு மணிக்கு வண்டி கொண்டாறேன்னான். அதுக்குள்ள ஓடுறதை எல்லாம் அணைச்சுட்டுச் சொல்லுங்க. ரீடிங் போட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

வீட்டுக்குள் தூசு வாடை அடித்தது. மகள் ஒவ்வொரு அறையாகப் போய்த் திரும்பி வந்தாள். கட்டில் அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மாவின் குடை தொங்கியது. அவள் அதை எடுத்து விரித்து, மடக்கி, தன் பையில் செருகிக்கொண்டாள். அவனிடம் அனுமதி கேட்கவில்லை. வட்டம் போட்ட வரைபடத்தை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து அவனே பிரித்து மடித்தான். ஃப்ரிட்ஜ் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ஏழு ஞாயிற்றுக்கிழமைகளும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இந்தச் சத்தத்தைத்தான். வீட்டில் யாரோ வேறு அறையில் வேலையாக இருக்கிற மாதிரி இருக்கும்.

"உள்ள என்ன இருக்கு?"

அவன் மேல் கதவைத் திறந்தான். பனி நாலு பக்கமும் வளர்ந்து, நடுவில் ஒரு பொந்துதான் பாக்கி. அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். முன்னால் இருந்த டப்பாவில், ஆய்வகத்து லேபிளில், ஆய்வகத்துப் பேனாவால் அம்மா எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள்.

"மாதிரி எண் நாலு. எடுத்த இடம், அடுப்பு. எடுத்தவர், லேப் சாரின் மனைவி. நிறம், சுமார். மணம், பிரமாதம். கலங்கல், உண்டு. குடிக்க ஏற்றது."

படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. ஸ்டூல் ஆடியது. அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்றாம் மாதிரிகளை மூவரும் சேர்ந்து சாப்பிட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீரில் அழியாத அந்தப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு, அரசாங்கச் சொத்தைத் திருடியதாக அம்மா அவன் மேல் வழக்குப் போட்டதும், தான் அப்பாவுக்காக வாதாடித் தோற்றதும் ஞாபகம் இருந்தன.

"சூப்பா?"

"ஆமா."

"இப்ப சாப்பிடலாமா?"

"கூடாது. நடுவுல கரண்ட் போயிருக்கும். உருகி உருகி உறைஞ்சிருக்கும்." ஆய்வகத்தில் முப்பது நாள் கெடு. கெடு முடிந்த பாட்டில்களை மாதக் கடைசியில் வரிசையாகத் திறந்து தொட்டியில் கவிழ்ப்பான். ஒன்பது வருடத்தில் ஒரு பாட்டிலுக்காகவும் கை நின்றதில்லை.

"பின்னாடி இருக்கிறது?"

"அஞ்சு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். டப்பா பின்சுவரோடு சேர்ந்து உறைந்திருந்தது. லேபிள் பனிக்குள் இருந்தது. எண் மட்டும் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் கையோடு வந்திருக்கும். அவன் வைக்கவில்லை. ஏழு தடவையும் கதவைத் திறந்து, இருக்கிறதென்று பார்த்து, மூடிவிட்டு வந்தான்.

"இத்தனை நாள் படிக்கவே இல்லையா?"

"இல்ல."

ஏனென்று அவள் கேட்கவில்லை. அவன் காத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "தம்பி! மணி ரெண்டரை ஆச்சு. மீட்டர் இன்னும் கண்ணு சிமிட்டிட்டிருக்கு!"

அவன் சுவர்ப் பக்கம் போய் ஃப்ரிட்ஜின் சுவிட்சில் கை வைத்தான். சாதாரண வெள்ளைச் சுவிட்ச். ஓரத்தில் மனைவியின் மாவுக் கை பட்ட கறை கூட இல்லை. அவள் எப்போதோ துடைத்திருப்பாள். கை அங்கேயே நின்றது.

"நான் அணைக்கட்டுமா?" என்றாள் மகள்.

"வேண்டாம்."

அணைத்தான். உறுமல் ஒரு முறை குலுங்கி அடங்கியது. வீடு இவ்வளவு காலியாக இருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது அறைக்குள் அடித்ததுபோல் கேட்டது.

"நின்னுடுச்சு!" என்று கீழே கத்தினார் வீட்டுக்காரர். பயணச்சீட்டு எண்ணைப் படிப்பதுபோல ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி வாசித்தார்.

கட்டில், மேசை, பாத்திர மூட்டை எல்லாம் வாசலுக்குப் போயின. நான்காம் எண் டப்பாவை மகள் கழுவும் தொட்டியில் வைத்து, நனைந்து தளர்ந்த லேபிளை முழுதாக உரித்து, வரைபடத்தின் முதுகில் ஒட்டினாள். ஐந்தாம் எண் அசையவில்லை. பனி சொட்டத் தொடங்கி, ஃப்ரிட்ஜின் காலடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் வாசலை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

மூன்று மணிக்கு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. வீட்டுக்காரர் கடிதத்தை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் கயிற்றுச் சுருளோடு வண்டிக்காரர்.

"ஃப்ரிட்ஜ்தான் பாக்கி. தூக்கிடலாமா சார்?"

அவன் சமையலறையைத் திரும்பிப் பார்த்தான். மகள் ஸ்டூலில் நின்று தலையை ஃப்ரிட்ஜுக்குள் நுழைத்திருந்தாள். வண்டிக்காரர் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நீட்டினார். "நெம்பிவிட்டா வந்துடும்."

"கத்தி வேண்டாம்," என்றது உள்ளிருந்து குரல். "கிழிஞ்சிடும். அப்பா, ரெண்டு நிமிஷம்னு சொல்லு அவங்ககிட்ட."

"ரெண்டு நிமிஷம்," என்றான் அவன்.

வீட்டுக்காரர் கடிதத்தை ஆட்டுவதை நிறுத்தினார். அவன் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு கைகளையும் குவித்து, பனியோடு முகத்தை ஒட்டி வைத்து, வாயைத் திறந்து ஆவி விட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விட்டாள். வெண்மை ஒரு காசு அளவுக்குக் கரைந்து கண்ணாடியாகி, அதற்குள் கறுப்பாக ஓர் எழுத்தின் சுழி தெரிந்தது.