பாஸ்டர் விட்டுவிட்ட வரி

எங்க சபையில கல்யாணம்னா பியானோ வாசிக்கிறது நான்தான். "டென்னசி மாநிலம் எனக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்தின்படி, நீங்க கணவன் மனைவி"ன்னு பாஸ்டர் சொல்லுவார். "டென்னசி" காதுல விழுந்ததும் நான் கையைத் தூக்கிடணும். முத்தம் முடியறதுக்குள்ள வாசிப்பு ஆரம்பிச்சிடணும். அன்னிக்கு ஹார்லனோட பேத்தி கல்யாணத்துல, பாஸ்டர் வெண்டல் அந்த வரியையே சொல்லலை. "கர்த்தருடைய சமுகத்துல நீங்க கணவன் மனைவி" அப்படின்னு நிறுத்திட்டார். நான் டென்னசி வரும் வரும்னு கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பொண்ணும் மாப்பிள்ளையும் முத்தம் குடுத்து முடிச்சிட்டு, அடுத்து என்னன்னு தெரியாம என் மூஞ்சியையே பார்க்குறாங்க. எனக்கு மானமே போச்சு.

கேக் வெட்டுற நேரத்துல அவரைப் பிடிச்சேன்.

"என்ன பாஸ்டர், வரி மறந்துபோச்சா?"

"மறக்கலை சிஸ்டர் நடீன். இனிமே அதைச் சொல்லப்போறதில்லை. கல்யாண லைசன்ஸ்ல கையெழுத்தும் போடப்போறதில்லை. இந்தப் பிள்ளைங்களை நேத்தே கோர்ட்டுக்கு அனுப்பிப் பதிவு பண்ண வச்சிட்டேன். சர்க்கார் வேலையைச் சர்க்கார் பார்க்கட்டும், நான் ஜெபம் பண்ணி வைக்கிறேன்."

நல்லா கவனிங்க, ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கலாம்னு பெரிய கோர்ட்டு தீர்ப்பு சொன்ன அதே கோடைக்காலம் அது. ஊரே கொதிச்சுக்கிட்டு இருக்கு. இத்தனை வருஷமா போட்ட கையெழுத்தை இந்த மனுஷன் இப்ப ஏன் நிறுத்தணும்?

ஹார்லன் எங்க சபைக் காரியங்களைப் பார்க்கிற பெரிய டீக்கன், டிராக்டர் கடைக்காரன், என்னோட ஒண்ணாப் படிச்சவன். அவன் சொன்னான்: "எவனோ இன்னொருத்தனோட வந்து எங்களுக்குக் கட்டி வைங்கன்னு கேட்டிருக்கான் நடீன். மாட்டேன்னு சொல்ல முதுகெலும்பு இல்லாம இவரு நழுவுறாரு. இல்லேன்னா ரகசியமா கட்டி வச்சிட்டாரு."

என் பொண்ணு கார்லீன் நாஷ்வில்ல ட்ரூடின்னு ஒருத்தியோட ஒரே வீட்டுல இருக்கா. போன்ல "என் ஃப்ரெண்டும்மா"ம்பா. நான் மேல கேட்டதில்லை. பெத்தவளுக்குத் தெரியாதா? கேட்டா பதில் வந்துடுமே, அதான் பயம். இது மட்டும் ஹார்லன் பொண்டாட்டி மேபெல் காதுக்குப் போச்சுன்னா, நான் அப்புறம் சபைப் படி ஏற முடியாது.

அதுக்கப்புறம் பாஸ்டர் எது பண்ணாலும் எனக்குச் சந்தேகம்தான். வாசல்ல கை குலுக்குறப்போ "கார்லீன் சுகமா?"ன்னு கேட்டார். மேபெல்லோட மகனை ஏன் கேக்கலை? ஜெபத்துல "தூரத்துல இருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும்"னார். எந்தப் பிள்ளை? யாரோட பிள்ளை? பெட்ரோல் பங்க்கு கிழவன் வேற, "உன் பொண்ணு ஊருக்கு வந்திருந்தாளா? பாஸ்டர் வீட்டு முன்னாடி கார்ல பார்த்த மாதிரி இருந்துச்சே"ன்னான். "ஆள் மாறியிருக்கும், கண்ணாடியை மாத்து"ன்னு அவன் வாயை அடைச்சேன்.

இவருக்குத் தெரிஞ்சிருக்கு, இன்னிக்கோ நாளைக்கோ உளறிடுவாருன்னு முடிவே கட்டிட்டேன். அவரை அனுப்பணும்னு ஹார்லன் சபைக் கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணப்போ, "என் ஓட்டு உனக்குத்தான்"ன்னேன். அவரு ஊரை விட்டுப் போனா என் மானம் தப்பிக்கும்னு கணக்கு.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கூட்டம். பக்கத்து ஹால்ல சாப்பாடு வாசனை வருது. பாஸ்டர் எழுந்து சொன்னார்:

"ஆணும் பெண்ணும் சேர்றதுதான் கல்யாணம்னு நான் இன்னிக்கும் நம்புறேன். அதுல மாத்தம் இல்லை. ஆனா நம்ம பாப்டிஸ்ட் முன்னோர்களை, லைசன்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணாங்கன்னு சர்க்கார் ஜெயில்ல போட்டுச்சு. அதனாலதான் சபை வேற, சர்க்கார் வேறன்னு நம்ம ஆளுங்க நின்னாங்க. நான் நம்புறதை ஷெரிஃப், போலீஸை வச்சு ஊர்மேல திணிக்க மாட்டேன். சர்க்காருக்குக் குமாஸ்தா வேலையும் பார்க்க மாட்டேன்."

"பிரசங்கம் காலையிலேயே கேட்டாச்சு பாஸ்டர்"னு ஹார்லன் இழுத்தான். ரெண்டு பேர் சிரிச்சாங்க. "நேராக் கேக்குறேன். கட்டி வைங்கன்னு அந்த மாதிரி யாராவது வந்தாங்களா இல்லையா?"

"வந்தாங்க. என்னால முடியாதுன்னு சொல்லி அனுப்பினேன்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"நம்ம சபைப் பிள்ளையா?"

பாஸ்டர் கையில இருந்த பைபிளை மூடி வச்சார்.

"பேரைச் சொல்லுங்க, இல்லேன்னா சபைச் சாவியை வச்சிட்டுக் கிளம்புங்க. எங்க முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு நாங்க எப்படி நம்புறது?"

அவர் பாக்கெட்ல கையை விட்டு சாவியை எடுத்து மேஜைமேல வச்சார். எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கலை. அப்பதான் எனக்கு விளங்குச்சு. அட கர்த்தாவே, இத்தனை நாளா இவரு என்னையும் என் பொண்ணையும் மறைச்சுக்கிட்டுல்ல நின்னிருக்காரு!

நான் எழுந்துட்டேன். "கார்லீன். என் பொண்ணு. போதுமா ஹார்லன்? இனி என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளு."

மேபெல் வாயில கை வச்சா. ஹார்லன் காது வரைக்கும் சிவந்துட்டான். ஓட்டெடுப்பையே விட்டுட்டான். "சாப்பாடு ஆறிடும்"னு முனகிட்டு உட்கார்ந்துட்டான். பாஸ்டர் மட்டும் என்னைப் பார்த்து, "ஐயோ, ஏன் சிஸ்டர்?"னார். வேலை தப்பிச்ச மனுஷன் சந்தோஷப்படாம ஏன் இப்படி முழிக்கிறாருன்னு எனக்குப் புரியலை. எனக்கோ பெருமைன்னா பெருமை. கார் நிறுத்துற இடத்துக்கு ஓடிப்போய் கார்லீனைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் தெரியும்டி. ட்ரூடி விஷயம், நீ இங்க வந்துட்டுப் போன விஷயம், எல்லாம்."

"யார் சொன்னா? பாஸ்டரா?"

"அவரு வாயே திறக்கலை. நானா கண்டுபிடிச்சேன். சபை முழுக்க உட்கார்ந்திருக்க எழுந்து நின்னு, என் பொண்ணுதான்னு சொல்லிட்டேன்டி!"

அழுவா, அம்மான்னு கூப்பிடுவான்னு நினைச்சேன்.

"எல்லார் முன்னாடியுமா? அந்த மேபெல் முன்னாடியுமா?"

"ஆமா."

"அந்த மனுஷன் முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரும்மா. ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு, சொல்லலை. நீ ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

உள்ள தட்டு கழுவுற சத்தம் கேட்டுச்சு. யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட வரலை.

"கேட்டியாம்மா?"ன்னா மறுபடியும்.

"கேக்கலை"ன்னேன்.