ட்ரையருக்கு அடியில் பேசிய பேச்சு

மோகா என்ற ஊரில் கேபிள் நாடகங்களுக்குத் தீர்ப்பு எழுதும் இடம் யுதெல்காவின் பியூட்டி பார்லர்தான். வாரம் முழுக்க அவரவர் வீட்டில் பார்த்ததை சனிக்கிழமை தலையில் முடி சுருட்டும் ரோலர் சுற்றிக்கொண்டு இங்கே வந்து அலசுவார்கள்.

அந்த வாரம் பெரிய வழக்கு. நாடகத்தில் லியோனோரின் புருஷனுக்குத் தலைநகரில் இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்துவிட்டது. அவளோ அழுதுவிட்டு மன்னித்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் மனைவி ஃபிலோமேனாவுக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"சூடு சொரணை இல்லாதவ! நானா இருந்தா அவன் துணியெல்லாம் அள்ளித் தெருவுல எறிஞ்சிருப்பேன். கடைசியா செருப்பு. அதுவும் மூஞ்சியைப் பாத்து!"

"மன்னிக்கிறதும் பெரிய மனசுதான் அக்கா," என்றாள் பள்ளிக்கூட டீச்சர் கசில்தா.

"ஆமாண்டி, பெரிய மனசு! வச்சு ஊறுகா போடு!"

யுதெல்கா சிரித்துக்கொண்டே இருவரையும் தலைக்கு மேல் கவிழும் ட்ரையர்களுக்கு அடியில் உட்கார வைத்தாள். ட்ரையர் ஓடும்போது காதுக்குள் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல். ரகசியத்தைக்கூட அங்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். ஃபிலோமேனாவும் கசில்தாவின் பக்கம் சாய்ந்து கத்த ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. இரைச்சல் நின்றது. அவள் வாய் நிற்கவில்லை.

"...நம்ம வினிசியோவுக்கும் போனாவோல இன்னொரு வீடு இருக்குடி! கைக்குழந்தை வேற! இவ பாவம், ஒண்ணும் தெரியாம நமக்கு ரோலர் சுத்துறா!"

தவளை தன் வாயால் கெடும். ஆனால் இங்கே கெட்டது யுதெல்காவின் குடி. வினிசியோ அவள் புருஷன். போனாவோ வழியாகத் தலைநகருக்கு வேன் ஓட்டுகிறவன். வழியில் டயர் போச்சு என்று அவன் தங்கிய ராத்திரிகளெல்லாம் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன.

"நாடகத்தைச் சொன்னேன் கண்ணு," என்றாள் ஃபிலோமேனா.

"நாடகத்துல வினிசியோன்னு யாரும் இல்லையே அக்கா," என்றாள் யுதெல்கா.

"இனிமே வருவான். புதுசா போடப்போறாங்களாம்."

யுதெல்கா கையிலிருந்த சீப்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "சரி. அந்த வினிசியோ பொண்டாட்டி என்ன பண்ணணும்?"

"பொறுத்துத்தான் போகணும். ஆம்பளை அப்படி இப்படித்தான் இருப்பான். வீட்டுக்குச் சம்பாதிச்சுப் போடுறான்ல?"

"லியோனோர் மட்டும் தெருவுல எறியணுமா?"

"அடி அசடே, அது நாடகம்!"

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவளுடைய உபதேசம் டிவிக்கு மட்டும். அதுவரை தலை குனிந்திருந்த கசில்தா யுதெல்காவிடம் மெதுவாகச் சொன்னாள். "லியோனோருக்கு மாளிகை இருக்கு, மன்னிச்சிட்டு அடுத்த ரூம்ல போய்ப் படுத்துக்கலாம். உன் வீட்ல இருக்கிறதே ஒரு ரூம்தான்."

அன்று சாயங்காலம், சரியாக நாடகம் போடும் நேரத்தில், யுதெல்காவின் மாடி வீட்டு பால்கனியிலிருந்து வினிசியோவின் சட்டைகள் தெருவில் விழுந்தன. எதிர்வீட்டில் டிவி தானாகப் பேசிக்கொண்டிருக்க, ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வெளியே வந்துவிட்டார்கள். முதல் நாற்காலி ஃபிலோமேனாவுடையது. காலையில் போட்ட முடி கலையாமல் வலை கட்டியிருந்தாள்.

"எறியிறது சரிதான். ஆனா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே," என்றாள் பக்கத்து நாற்காலியிடம். "லியோனோர்னா அழுதுக்கிட்டே எறிவா. இவளுக்கு நடிப்பு வராது."

வேனை நிறுத்திவிட்டு வந்த வினிசியோ, தன் துணிகளுக்கு நடுவே மண்டியிட்டுக் கையேந்தினான்.

"மன்னிச்சிடுடி! எவ்வளவு அழகா அழுறான் பாரு!" என்று கூவினாள் ஃபிலோமேனா.

யுதெல்கா கடைசிச் செருப்பைப் போட்டாள். யார் முகத்தையும் பார்த்து எறியவில்லை. கை தளர்ந்து அது தானாக விழுந்தது.

"நீங்க சேனலை மாத்திடுவீங்க அக்கா. நாளைக்கு இந்த வீட்ல எந்திரிக்கப்போறது நான்தான்," என்று சொல்லிவிட்டு பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"முடிவு சப்புன்னு போச்சு," என்று ஃபிலோமேனா நாற்காலியை மடக்கினாள். மிச்ச நாடகத்தையாவது பிடிக்கலாம் என்று எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.

யுதெல்கா கட்டிலில், காலியான அவன் பக்கத்தில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள். கீழே ஃபிலோமேனா எதிர்பார்த்த அழுகை அதுதான். பார்க்கத்தான் ஆள் இல்லை.