ஊர் சுற்றிய ஜன்னல் திரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஜன்னல் திரை ஊர் ஊராகச் சுற்றிய கதையைச் சொல்லப் போகிறேன். அழவைக்கிற கதை இல்லை. நடுவில் கண்ணில் தண்ணீர் வந்தால், சிரித்ததில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையல்காரம்மா. அவளுக்கு ஒரே மகள். ஒல்லி என்றால் அப்படி ஓர் ஒல்லி. தையல்காரியின் மகள் வேறு. கேட்க வேண்டுமா? தெருவே கூடி 'ஊசி' என்று பெயர் வைத்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஊசிக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. தண்ணீரைப் பரிசோதிக்கிற படிப்பு. எந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, குடிக்கலாமா, குளிக்கலாமா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

தையல்காரம்மாவின் கடை வீட்டின் முன்னறைதான். அளவெடுக்கிற மூலையை மறைத்து ஒரு திரை தொங்கும். மஞ்சள் துணி, அதில் நீல இலைகள். அந்தத் துணியில் மிஞ்சியதை வைத்து, மகள் தங்கப்போகிற அறைக்கும் ஒரு ஜன்னல் திரை தைத்தாள். அகலம் ஒரு சாண் குறைந்தது. ஓரத்தில் ஒட்டுப் போட்டாள்.

"ஒட்டுப் போட்டது இடது பக்கம், சுவரோரமா இருக்கட்டும். யார் கண்ணுலயும் படாது."

"வெளிநாட்டுல யாரும்மா வந்து என் ஜன்னல்ல ஒட்டு தேடப் போறாங்க?"

"யாரும் தேட மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமில்ல?"

அப்படிப்பட்டவள் அவள். இருபது வருஷமாக அந்தத் தையல் மிஷினை விட்டு எழுந்ததில்லை. வீட்டிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் கடல். ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், "ரெண்டு ஜாக்கெட் முடிச்சுக் கொடுக்கணும்" என்பாள். அந்த இரண்டு ஜாக்கெட் இருபது வருஷமாக முடியவே இல்லை.

புறப்படும்போது ஓர் ஏற்பாடு ஆனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளுக்கு மதியம், அம்மாவுக்குச் சாயங்காலம். போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும். இவள் ஜன்னல் திரைக்கு முன்னால் உட்காருவாள், அவள் கடைத் திரைக்கு முன்னால். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு மாதம் ஊசி கல்லூரி உண்டு, அறை உண்டு என்று இருந்தாள். கண்ணாடிப் பாட்டில்களை மூன்று முறை அலசுவாள், சீட்டு ஒட்டுவாள், குறிப்பு எழுதுவாள். அறைக்கு வந்தால் இரண்டு அடுப்பில் ஒன்றுதான் எரியும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் குழாய்கள்தான் தெரியும்.

அறையில் கூட இருந்தவளும் தமிழ்ப் பெண்தான், கட்டடக் கலை படிக்கிறவள். உருண்டையாக, குள்ளமாக இருப்பாள். இவள் பெயர் ஊசி என்று கேட்டதுமே, "அப்ப நான் குண்டூசி. ஜோடி சரியாப் போச்சு!" என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டாள். அறை முழுக்க அவள் அட்டையில் வெட்டிய குட்டி வீடுகள். காலை வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை குண்டூசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, நீ தண்ணியப் பத்திப் படிக்கிறவ. இந்த ஊருக்கு வந்து குழாய்த் தண்ணியைத் தவிர வேற தண்ணியப் பார்த்திருக்கியா? கிளம்பு."

"எழுத வேண்டியது இருக்கு."

"ஏரி இருக்கு. அதப் போய்ப் பார்த்துட்டு எழுது."

போனார்கள். இரண்டு மணி நேர பஸ். இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அதன் மேல் மலை தலைகீழாகக் கிடந்தது. ஊசி காலை விட்டாள். குளிர் உச்சந்தலை வரை ஏறியது. அவள் போட்ட கூச்சலில் கரையில் தூங்கிய வாத்துக் கூட்டமே எழுந்து நடந்துவிட்டது. குண்டூசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியும் சிரித்தாள். சிரிக்கும்போதுதான், இந்த ஊருக்கு வந்து இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. பையிலிருந்து சின்னப் பாட்டில் எடுத்து ஏரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், இரவு தங்கிய ஏரிக்கரை விடுதியின் சுவரில் சாய்ந்து அம்மாவை அழைத்தாள். ஏரியைக் காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டுதான் அழைத்தாள். போனில் அம்மா முகம் வந்தது. கழுத்தில் அளவு நாடா, காதோரம் நூல் பிசிறு, கண்ணுக்குக் கீழே களைப்பு. ஏரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. மிஷினை விட்டு எழுந்திருக்காத மனுஷியிடம், நான் காலை நனைத்துக்கொண்டு சிரித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"சாப்பிட்டியா கண்ணு? என்ன, சுவர் வேற நிறமா இருக்கு?"

"வெயில்மா. வெயில் அடிக்குது, அதான்."

சொல்லிவிட்டாள். ஒரு பொய்தானே. ஆனால் ருசி கண்ட கால் சும்மா இருக்குமா? அடுத்த வாரமும் பயணம். இந்தத் தடவை சுவர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, ஜன்னல் திரையையே கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"திரையை எதுக்குடி தூக்கிட்டு வர்றே?" என்றாள் குண்டூசி.

"நான் ரூம்லதானே இருக்கேன்? ரூமையும் கூடக் கூட்டிட்டுப் போறேன்."

அன்றிலிருந்து அந்தத் திரைக்கு வந்தது யோகம். ரயில் நிலையத்தில், காசு போட்டால் பிஸ்கட் தள்ளுகிற பெட்டியின் மேல் தொங்கியது. இடிந்த கோட்டை ஒன்றில் பீரங்கிக் குழாயில் தொங்கியது. மலை மேல், துணி காயப்போடுகிற கொடியில் யார் வீட்டுக் கால்சட்டைக்கோ பக்கத்தில் தொங்கியது. எதுவும் கிடைக்காத இடத்தில் குண்டூசி இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நான் கட்டடக் கலை படிக்க வந்தேனா, கம்பமா நிக்க வந்தேனா?" என்று பின்னாலிருந்து முனகுவாள்.

பார்வைக்குத் திரை போட்டாயிற்று. சத்தத்துக்கு?

"என்ன கண்ணு, மணி அடிக்குது?" மலையில் ஆட்டு மந்தை ஒன்று கடந்துகொண்டிருந்தது.

"காலேஜ் மணிம்மா."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"இங்க அப்படித்தான்மா. ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

பேசி முடித்தபின் ஊசியின் முகம் ஒரு நாழிகை வாடியிருக்கும். குண்டூசி கேட்டே விட்டாள்.

"திட்டுவாங்கன்னு பயமா?"

"திட்டினா வாங்கிக்கலாமே. 'அப்படியா கண்ணு, நல்லா இருந்துச்சா'ன்னு கேட்டுட்டு, திரும்பக் குனிஞ்சு தைப்பாங்க. அதை என்னால பார்க்க முடியாதுடி."

இதுதான் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள். பார்க்கிற ஒவ்வொன்றையும் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. காட்டினால் அம்மா இருக்கும் இடம் அவளுக்கே சின்னதாகத் தெரிந்துவிடுமோ என்று பயம். பாதிச் சந்தோஷத்தை எப்போதும் பைக்குள் மடித்தே வைத்திருந்தாள். அறை ஜன்னலோரம் தண்ணீர்ப் பாட்டில்கள் ஒன்பது சேர்ந்துவிட்டன. ஒன்றையும் அம்மாவுக்குக் காட்டவில்லை.

இவள் தன் திரையைச் சரிபார்ப்பதிலேயே மும்முரமாக இருந்தாள். அந்தப் பக்கம் நடந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு வாரம் அம்மா முகம் பொன்னாக மின்னியது. கேட்டதற்கு, "புது பல்பு போட்டிருக்கேன்" என்றாள். இன்னொரு வாரம் மூச்சு வாங்கப் பேசினாள். "மிஷின் மிதிச்சேன்ல." அடுத்த வாரம் அம்மாவின் மூக்கு நுனி கறுத்திருந்தது. "இஸ்திரிப் பெட்டிச் சூடு" என்றாள். இஸ்திரிப் பெட்டியில் யாராவது மூக்கை வைப்பார்களா? நீங்கள் கேட்கிறீர்கள். அவள் கேட்கவில்லை. பொய் சொல்கிற அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு அடுத்தவர் பொய் காதில் விழாது.

படிப்புக்கு நடுவே ஒரு நீண்ட விடுமுறை வந்தது. ஊசியும் குண்டூசியும் ஒரு பெரிய ஏரியைக் கடக்கிற கப்பலில் ஏறினார்கள். மேல்தளத்தில் வெயிலும் காற்றும் போட்டி போட்டன. ஞாயிற்றுக்கிழமை மதியம். உள்ளே போய்ப் பேசலாம் என்றால் அங்கே ஐம்பது பேர் கூச்சலிட்டுச் சாப்பிடுகிறார்கள். வேறு வழியில்லை. குண்டூசி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று திரையை விரித்துப் பிடித்தாள்.

"சீக்கிரம் பேசி முடி. காத்து என்னையே தூக்கிட்டுப் போகும்போல இருக்கு."

"உன்னையா? காத்துக்கு அவ்வளவு தைரியம் கிடையாது."

அம்மா முகம் வந்தது. பின்னால் மஞ்சள் திரை, நீல இலை. கழுத்தில் அளவு நாடா. அந்தப் பக்கத்தில் என்னவோ 'ஹோ' என்று இரைந்தது.

"என்னம்மா சத்தம்?"

"பக்கத்துல மாவு மிஷின். உனக்கு என்ன அங்க தலையெல்லாம் பறக்குது?"

"ஃபேன்மா. வேகமா வெச்சிருக்கேன்."

"குளிர்ற ஊர்லயா?"

ஊசி வாயைத் திறப்பதற்குள் கப்பல்காரர் சங்கை ஊதிவிட்டார். குண்டூசி பதறிக் கையை விட்டாள். திரை எழும்பி, அவளையே தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. "ஐயோ, கண்ணு தெரியலடி!" என்று மஞ்சள் மூட்டையாகப் பெஞ்சின் மேல் தள்ளாடினாள். ஊசியின் முதுகுக்குப் பின்னால் ஏரி முழுவதும், மலை முழுவதும், வெள்ளைப் பறவைகள் முழுவதும் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் விரிந்துவிட்டன.

ஊசிக்குப் போனை மூடக் கை வரவில்லை. அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி யாரிடமோ சொன்னாள்.

"டீச்சர், இறக்கிடுங்க. பாவம், உங்களுக்கும் கை வலிக்கும்."

அம்மாவுக்குப் பின்னால் இருந்த திரை மெதுவாகக் கீழே இறங்கியது. முதலில் எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரின் நரைத்த கொண்டை தெரிந்தது. அப்புறம் கறுப்புக் கண்ணாடி. அதற்கும் பின்னால், கண்ணுகளா, கடல்! சாயங்கால வெயிலில் பொன் தகடாக, 'ஹோ' என்று இரைந்துகொண்டு, அலை அலையாகக் கடல்.

"மாவு மிஷின் எப்படி?" என்றாள் டீச்சர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு.

ஊசி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. "அம்மா! நீயா? கடல்லயா? எப்போலேர்ந்து?"

"கடலுக்கு இன்னிக்குத்தான். மலை, அணைக்கட்டெல்லாம் முன்னாடியே முடிச்சாச்சு."

"என்னைப் பத்தித் தெரியுமா உனக்கு?"

"ஒட்டு வலது பக்கம் வந்துச்சே! அன்னிக்கே தெரியும். உன் ரூம்ல இருந்தா இடது பக்கம் சுவரோரமா இருக்கும். வெளியே போனா அவசரத்துல உள்பக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிடுறே. ஒட்டு இந்தப் பக்கம் வந்துடுது. தைச்சவளுக்கா தெரியாது? ஞாயித்துக்கிழமை போனை எடுத்ததும் முதல்ல ஒட்டைத்தான் பார்ப்பேன். வலது பக்கம் இருந்தா, அப்பாடா, பொண்ணு எங்கயோ சந்தோஷமா இருக்குன்னு நினைச்சுப்பேன்."

"அப்ப ஏன்மா கேட்கலை?"

"கேட்டா நீ கூச்சப்பட்டுக்கிட்டு ரூம்லயே உட்கார்ந்துடுவே."

டீச்சர் தலையை உள்ளே நீட்டினாள். "இவ உன்னை நினைச்சு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே தைச்சா. கையில ஊசி குத்திடுச்சு. நான் சொன்னேன், அந்த ஊசி ஊர் சுத்துது, இந்த ஊசி உன்னைக் குத்துது. நீ மட்டும் எதுக்குடி உட்கார்ந்திருக்கே, எழுந்திருன்னேன்."

"அப்ப நீ ஏன்மா திரையைத் தூக்கிட்டு அலையறே?" என்றாள் ஊசி.

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. அளவு நாடாவின் நுனியைத் திருகிக்கொண்டாள். "கடையைப் பூட்டிட்டேன்னு தெரிஞ்சா, அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நீ பயப்படுவே. அதோட, நீ அங்க கஷ்டப்பட்டுப் படிக்கிற நாள்ல நான் கடல்ல கால் நனைக்கிறேன்னு எந்த வாயால சொல்றது?"

தன் நெஞ்சிலிருந்த அதே வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும், ஊசி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வாரம் உள்ளே குத்திய முள் எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

"அம்மா, அந்த ரெண்டு ஜாக்கெட்?"

"கிடக்குது. அவங்க நாளைக்கு வாங்கிப்பாங்க."

அதற்குள் குண்டூசி திரைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டாள். முடியெல்லாம் காக்கைக் கூடு. "வணக்கம் ஆன்ட்டி. நான்தான் கம்பம்."

"வாம்மா கம்பம்! ஒட்டை எந்தப் பக்கம் வைக்கணும்னு அவளுக்குத்தான் தெரியலை, உனக்குமா தெரியலை?"

"நான் கட்டடத்துக்குத்தான் ஆன்ட்டி படிக்கிறேன். தையலுக்கு இல்ல."

அம்மா அலையை நோக்கி நடந்தாள். போன் டீச்சரின் கையில் ஆடியது. வானம் தெரிந்தது, டீச்சரின் கட்டை விரல் தெரிந்தது, பிறகு அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. இருபது வருஷம் மிஷின் மிதித்த பாதங்கள். அலை வந்து அவற்றை மூடியது. அம்மா போட்ட கூச்சலில் கரையிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே அச்சு அசலாக மகளின் கூச்சல்! ஒரு நாய்கூட எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது.

அம்மா குனிந்து, நூல் பொத்தான் போட்டு வைக்கிற சின்னப் பாட்டில் ஒன்றில் கடல் தண்ணீரைப் பிடித்தாள். மூடியை இறுக்கித் திருகி, போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"உனக்குத்தான். நீ வந்ததும் பார்த்துச் சொல்லு, இதுல என்னென்ன இருக்குன்னு."

"இப்பவே சொல்றேன்மா. உப்பு, மணல், அப்புறம் உன் கால் தூசி."

"போடி வாலு!"

அன்று அறைக்குத் திரும்பிய ஊசி, ஒன்பது பாட்டிலையும் அன்றைக்குப் பிடித்த பத்தாவதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனில் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அம்மாவிடமும் எதிர்க்கதைகள் இருந்தன. அணைக்கட்டில் டீச்சரின் செருப்பு தண்ணீரோடு போன கதையை மட்டும் ஊசி மூன்று முறை சொல்லவைத்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு திரைகளும் ஊர் சுற்றாமல் இல்லை. ஆனால் யாரும் அவற்றைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இங்கே புல்லின் மேல், அங்கே மணலின் மேல் விரித்துப்போட்டு, அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கதை முடிந்தது, கண்ணுகளா. உங்கள் வீட்டு ஜன்னல்களில் நல்ல காற்று வரட்டும். வெளியூர் போன பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்களின் காலும் ஒருநாள் தண்ணீரில் நனையட்டும். உங்கள் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து வைக்க ஏதாவது இருந்தால், அது இப்படிப்பட்ட சந்தோஷமாகவே இருக்கட்டும். நல்லா இருங்கள்.