பதினோரு பேரின் தவணை

கரியாலூர் சமுதாயக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால், மடிக்கணினியோடு, எங்கள் கடன் சங்கத்தின் ஆய்வாளர் ஜெரின். அவருக்கு இடப்பக்கம், சங்கத்தின் எழுத்தர் நான். எதிரே ஜமுக்காளத்தில் மகளிர் குழுத் தலைவி கொளஞ்சியம்மாள். அவருக்குப் பின்னால், சுவரோரமாக, ஜெயம்மாளும் மற்ற ஒன்பது உறுப்பினர்களும்.

சங்கத்தை வலுப்படுத்துகிறோம் என்று மேலிடம் ஆறு மாதமாகச் சொல்லி வருகிறது. நோட்டு போய்க் கணினி வந்தது. பாக்கி அதிகமுள்ள குழுக்களை மூடச் சொல்லி உத்தரவும் வந்தது. பட்டியலில் இந்தக் குழு முதலில் இருந்தது.

“பத்து பேரு மூணு மாசமா கட்டல,” என்றார் ஜெரின்.

“இன்னா சார் சொல்றீங்க? குடகுல மொளகு பறிச்சிக்கினு மாசாமாசம் போன்ல அனுப்சோம். அக்காதான் பஸ் ஏறிப் போயி கட்டுச்சி,” என்றார் ஜெயம்மாள்.

கட்டியது உண்மைதான். முன்பெல்லாம் தலைவி ஒரே கட்டாகக் கொடுப்பார். நான் பதினோரு பெயரில் பிரித்து எழுதுவேன். கணினி வந்தபின், கச்சிராயபாளையம் கிளையில் புதிதாக வந்த பெண் பாஸ்புக் கேட்டிருக்கிறாள். கொளஞ்சியம்மாள் தன்னுடையதை நீட்டியிருக்கிறார். எல்லோர் தவணையும் அவர் கடனிலேயே ஏறிவிட்டது.

“உங்க கடன் முடிஞ்சே போச்சும்மா. அதான் புதுசா ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கு,” என்றார் ஜெரின்.

“பாத்தியா, எங்க மொளகுல அக்கா லட்சாதிபதி!” என்று ஜெயம்மாள் சிரித்தார்.

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. புதுக் கடன் பற்றிக் கைபேசியில் செய்தி வந்த அன்றே, மகள் ஷாலினியின் நர்சிங் படிப்புக்கு அந்தப் பணம் என்று முடிவு செய்திருந்தார். தவணைகளைப் பிரிக்க வேண்டுமானால், கட்டியது தன் பணம் மட்டும் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். தந்தால் ஒரு லட்சம் ரத்து.

“தரலன்னா?” என்று ஜெரினைக் கேட்டார்.

“குழுவ மூடிடுவாங்க. இவங்களுக்கு எங்கயும் கடன் கெடைக்காது.”

“வெள்ளிக்கெழம வரைக்கும்தான் காலேஜுல டைம் குடுத்துக்கிறாங்க.” யாரையும் பார்க்காமல் சொன்னார். ஜெயம்மாளின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“எழுதுங்க சார்,” என்றார் கொளஞ்சியம்மாள் கடைசியில், என் பக்கம் திரும்பி. “நாளைக்கும் இவளுங்க மூஞ்சிலதான முழிக்கணும்.”

தேதி போட்டேன். பதினோரு பெயர்கள், மூன்று மாதங்கள், தொகை தனித்தனியாக. இரண்டு முறை படித்துக் காட்டினேன். கொளஞ்சியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று கேட்டார்.

ஜெரின் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் வந்தால்தான் செல்லுமாம். இந்த ஆறு மாதத்தில் வெவ்வேறு குழுக்களுக்காக இப்படி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. மலையிறங்கி, கச்சிராயபாளையம் தபால் நிலையத்தில் உறையை ஒட்டி, பின்கோடைச் சரிபார்த்து நீட்டினேன். எடை போட்டு, முத்திரை குத்தி, தபால் பைக்குள் போட்டார்கள்.