ஒரு வாளி உப்பின் நிறை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. கற்பிட்டியில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியொன்றில் கமீலா என்ற பெண் உப்புத் திருடிப் பிடிபட்டாள் என்று 2013இல் யாரோ சொன்னார்கள். கேட்ட கையோடு எழுதி, நூலகக் கூட்டத்தில் ஏழு பேருக்கு வாசித்தும் விட்டேன். முதல் வரி இது:

தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்தவளை வறுமைதான் அந்த உப்பில் கைவைக்க

(வெட்டிவிட்டேன். நான் எழுதிய லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.) ஏழு பேரில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தாலும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

மறுவாரம் கமீலா என் வீட்டு வாசலில் நின்றார். (இனி 'அவள்' இல்லை.)

"சேர், என்னப் பத்தி எழுதினீங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

2

நடந்தது இதுதான். மீன் ஊறவைக்கும் பீப்பாவில் கமீலா நாலு வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு வாளி உப்பைக் கொட்டிக் கரைத்தார். முதலாளியின் மகன் றிம்ஸான் எட்டிப் பார்த்தான். நாலும் ஒன்றும் ஐந்து வாளி என்பது அவன் கணக்கு. தண்ணீரோ அரை வாளி அளவுகூட உயரவில்லை.

"மிச்ச உப்பு எங்க ராத்தா?"

"கரைஞ்சிட்டு தம்பி."

"எங்க கரைஞ்ச? ஒங்கட பேக்குக்குள்ளயா?"

வேலைசெய்த பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் அவருடைய பையைக் கவிழ்த்தான். மதியம் சாப்பிட வைத்திருந்த ஒரு துண்டுப் பாணும் தொழுகை முக்காடும் விழுந்தன. அதற்குப் பிறகும் "அகதிக் கள்ளி" என்றான். இருபத்து மூன்று வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பவர் அவனுக்கு இன்னும் அகதி.

[அடிக்குறிப்பு: வாளி உப்பில் பாதியளவு மணிகளுக்கு இடையிலுள்ள காற்று. கரைந்த உப்பு நீருக்குள் நெருங்கி இடம்பிடித்துக்கொள்கிறது. ஆகவே கனவளவு கூட்டியபடி வராது. திணிவு, அதாவது தராசு காட்டும் நிறை, வரும், ஒரு கிராமும் குறையாமல். இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். ஏழை என்றதும் திருடியிருப்பாள் என்று நம்ப எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.]

3

கமீலா விம்மி அழு

(அழவில்லை.) றிம்ஸான் மற்றப் பெண்களை மீன் காயப்போட அனுப்பிவிட்டான். தனியே நின்ற அவனைக் கமீலா மறித்தார்.

"கண்ணுக்குத் தெரியாட்டி இல்லாமப் போகுமா? உப்புத்தண்ணி வாளிய நாங்கதானே தூக்குறம். அதுட பாரம் எங்கட கைக்குத் தெரியும்."

கருவாடு நிறுக்கும் தராசில் தண்ணீர் வாளியொன்றை வைத்தார். எட்டுக் கிலோ. தனியே இரண்டு கிலோ உப்பு நிறுத்து, அதில் கொட்டிக் கலக்கினார். உப்பைக் காணவில்லை. தண்ணீர் கொஞ்சம்தான் உயர்ந்தது. முள் பத்தில் நின்றது.

றிம்ஸான் குரலைத் தாழ்த்தினான். "சரி ராத்தா, உட்டுடுங்க. நீங்க எடுக்கல்ல."

"பன்னெண்டு பேருக்கு முன்னால கள்ளி எண்டீங்க. இல்ல எண்டு எனக்கு மட்டும் சொல்றீங்க. இது நிறை சரிவராது தம்பி."

4

முடிவு அ: றிம்ஸான் எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறான். (எழுதினேன், கிழித்தேன். இன்றுவரை அவன் கேட்கவில்லை.)

முடிவு ஆ: உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று சபித்துவிட்டுக் கமீலா வேலையை விட்

(எங்கே விடுவது? மறுநாளும் அதே பீப்பாவுக்குத்தான் போனார்.)

வாடிக்குள் போய்ப் பேச எனக்குத் துணிவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன். என்னால் முடிந்தது, நான் வாசித்துக் காட்டிய ஏழு பேரைத் தேடிப் போனதுதான். ஆறு பேரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். என் பொய்யை எங்கெங்கே சொல்லி உருகுகிறாரோ தெரியாது.

கமீலாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப இன்னும் ஒண்டு குறையிது சேர்" என்றார்.

ஆகவே இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. பக்கத்தில் யாராவது இருக்கும்போது, கடைசி வரியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கமீலா உப்பு எடுக்கவில்லை.